சிங்கப்பூர்த் தாழ்வாரத்தில் பழமை ரோஜா: அத்தையிடம் கற்ற வளர்ப்பு முறை

தோ பாயோவில் பத்தாவது மாடி வீட்டின் தாழ்வாரத்தில் என் அத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ரோஜா வளர்த்தார். மொத்தம் பதினொரு தொட்டிகள். அவற்றில் ஒன்றுகூடக் கடைகளில் பளபளப்புத் தாள் சுற்றி விற்கும் இனம் அன்று. சிராங்கூன் ரோட்டில் ஒரு பூக்கடையில் மாலை தொடுத்துப் பிழைத்தவர் என்பதால், ரோஜாவைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் விரலால் எடை போடுவார். ஊசி ஏறும்போது இதழ் உதிர்கிறதா, மாலை வாடிய மறுநாளும் மணம் நிற்கிறதா என்பவைதாம் அவர் வைத்திருந்த அளவுகோல்கள். அவர் மறைந்தபின் அந்தத் தொட்டிகள் என் வீட்டுக்கு வந்தன. முதல் ஆண்டிலேயே நான்கைச் சாகடித்தேன். எஞ்சிய ஏழு தொட்டிகளையும் காப்பாற்றக் கற்றுக்கொண்டவற்றையும், அவர் நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்த குறிப்புகளையும் சேர்த்து, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டில் பழமை ரோஜா வளர்க்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன்.

எந்த ரோஜாவை வாங்குவது

பாதி வெற்றி செடியைத் தேர்ந்தெடுப்பதிலேயே இருக்கிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழமை ரோஜா எது என்பதற்கு அமெரிக்க ரோஜாச் சங்கம் 1867ஆம் ஆண்டை எல்லைக்கோடாக வைத்திருக்கிறது. பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த கியோ என்ற செடி வளர்ப்பாளர் அவ்வாண்டு வெளியிட்ட ‘லா ஃபிரான்ஸ்’, முதல் ஹைப்ரிட் டீ ரோஜாவாகக் கருதப்படுகிறது. அதற்கு முன்பே வழக்கில் இருந்த வகைகளுள் அடங்கும் எந்த ரோஜாவும், அது பின்னாளில் பிறந்ததாக இருந்தாலும், பழமை ரோஜாதான். நீண்ட காம்பின் உச்சியில் ஒற்றைப் பூவாக நிமிர்ந்து நிற்கும், காதலர் தினத்தன்று விலையேறும் ரோஜாக்கள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தவை.

பழமையானது என்ற ஒரே காரணத்துக்காக எல்லாம் இங்கே பூக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களான கேலிக்கா, ஆல்பா, சென்டிஃபோலியா ஆகியவையும், அத்தர் வடிக்கப் பயன்படும் டமாஸ்க் இனத்தில் பெரும்பாலானவையும், குளிர்காலத்தில் உறங்கி எழுந்து ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூப்பவை. நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகைக்குச் சற்று அதிகமான தொலைவில், இரவிலும் 23 பாகை செல்சியசுக்குக் கீழே அரிதாகவே இறங்கும் இந்த ஊரில் அவற்றை நட்டால், இலை விட்டுக்கொண்டே இருக்கும், மொட்டு வராது. கடைக்காரர் காட்டும் படத்தில் நூறு இதழ் இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

குளிரை எதிர்பார்க்காத ரோஜாக்கள் சீனத்திலிருந்து வந்தவை. பூப்பதை அடக்கிவைக்கும் மரபணு ஒன்று அவற்றில் செயலிழந்துவிட்டதால், புதிதாக எழும் ஒவ்வொரு தளிரின் நுனியிலும் அவை மொட்டு வைக்கும், பருவத்துக்காகக் காத்திருப்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் வழியே, பெரும்பாலும் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் தங்கி இளைப்பாறி, இவை இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. இன்று உலகில் ஆண்டு முழுதும் பூக்கும் ரோஜாக்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய இந்தச் சீன ரத்தம் ஓடுகிறது.

ஆகவே, முதல் செடியாகச் சீன வகையில் ஒன்றைத் தேடுவது நல்லது. இளஞ்சிவப்பு நிறமுள்ள ‘ஓல்டு பிளஷ்’, கருஞ்சிவப்பான ‘கிரமோய்சி சுப்பீரியர்’ (1832), ‘லூயி ஃபிலிப்’ (1834), காலையில் வெளிர் மஞ்சளாக விரிந்து பின்னர் ரோஜா நிறத்துக்கு மாறும் ஒற்றை அடுக்கு ‘மியூட்டபிலிஸ்’ ஆகியவை வெப்ப நாடுகளில் நிலைத்தவை. அடுத்த படியில், சீன ரோஜாக்களின் வழிவந்த டீ ரோஜாக்கள் வரும். ‘டச்சஸ் டி பிரபான்ட்’ (1857) போன்றவற்றின் பூ காம்பில் தலை குனிந்து தொங்கும். நிமிர்ந்த பூவையே பார்த்துப் பழகியவர்களுக்கு அது நோய்போலத் தோன்றலாம். அது அந்த வகையின் இயல்பு. தாழ்வாரத்துத் தொட்டியை உயரமான மேடையில் வைத்தால், குனிந்த பூ நேராக முகத்தைப் பார்க்கும்.

பன்னீர் ரோஜா வேண்டும் என்று கேட்பவர்கள் நம்மில் அதிகம். தமிழ்நாட்டுப் பூச்சந்தைகளில் எட்வர்ட் ரோஜா என்ற பெயரில் மாலைக்காகவும் குல்கந்துக்காகவும் வரும் இளஞ்சிவப்பு ரோஜா, போர்போன் வகையைச் சேர்ந்தது. இந்தியப் பெருங்கடலில் இன்று ரியூனியன் எனப்படும் போர்போன் தீவில், வேலியாக வைத்திருந்த சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் தாமாகக் கலந்து பிறந்த வகை இது. டமாஸ்க்கின் மணமும் சீனத்து ரோஜாவின் ஓயாத பூப்பும் ஓரளவு சேர்ந்து வாய்த்திருப்பதால், நம் சூட்டுக்கு ஒத்துவரும். அதே போர்போன் வகையில் புகழ்பெற்ற ‘சூவனீர் டெ லா மால்மேசான்’ (1843) மட்டும் மழைக்கு ஆகாது. ஈரம் பட்டால் வெளி இதழ்கள் ஒட்டிக்கொண்டு, மொட்டு விரியாமலே பழுப்பேறி அழுகிவிடும். அத்தையின் குறிப்பில் அதற்கு நேரே “காகிதப் பை மாதிரி” என்று மட்டும் எழுதியிருக்கிறது.

வெப்ப நாட்டுக்கென்றே ரோஜா உருவாக்கும் முயற்சி நமக்கு அருகிலேயே நடந்திருக்கிறது. இந்திய ஆட்சிப் பணியிலிருந்து முன்கூட்டியே விலகிய வீரராகவனும் அவர் மனைவி கிரிஜாவும் கொடைக்கானலில் குடியேறி, வங்காளத்தின் நீர்நிலைக் கரைகளில் வளரும் ரோசா கிளினோஃபில்லா, மணிப்பூர் மலைகளில் படரும் ரோசா ஜைஜான்டியா என்ற இரண்டு காட்டு இனங்களைக் கொண்டு புதிய ரோஜாக்களை உருவாக்கினார்கள். தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயரிலும் அவர்களுடைய ரோஜா ஒன்று உண்டு. அவை பழமை ரோஜாக்கள் அல்ல. ஆனாலும் சூடு தாங்கும் குணத்தை எங்கே தேட வேண்டும் என்பதை அவை காட்டுகின்றன.

செடி எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. தாம்சன் ரோட்டுப் பக்கத்து நர்சரிகளில் பெயர்ச்சீட்டுடன் பழமை ரோஜா கிடைப்பது அபூர்வம். ஆனால் ‘ரோஸ் கம்போங்’ என்று கேட்டால், மலாய்க் கம்பங்களில் (கிராமங்களில்) தலைமுறை தலைமுறையாகப் பூ நீராட்டுக்கு வளர்த்த இளஞ்சிவப்பு ரோஜாவை எடுத்துக் காட்டும் கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அத்தையின் முதல் செடியும் அப்படி வந்ததுதான். கம்பத்தை விட்டு அடுக்குமாடிக்கு இடம்பெயர்ந்தபோது, பக்கத்து வீட்டு மலாய் மாது கிள்ளிக் கொடுத்த குச்சி அது. சமூகத் தோட்டங்களில் பேச்சுக் கொடுத்தாலும் கிடைக்கலாம். ஊரிலிருந்து வரும்போது ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் செருகிக்கொண்டு வரும் பழைய வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். வெளிநாட்டுச் செடிக்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும், புறப்படும் நாடு வழங்கும் தாவர நலச் சான்றிதழும் தேவை.

கேமரன் மலைக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் அங்கே தொட்டி தொட்டியாகப் பூத்திருப்பதைக் கண்டு மயங்குவதுண்டு. அது ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் குளிர்ச்சியான ஊர். கரையோரத் தோட்டத்தின் மலர்க் குவிமாடத்தில் ரோஜாக்கள் செழிப்பதும் உள்ளே குளிரூட்டியிருப்பதால்தான். மலையில் விளைந்த ஒட்டுச்செடி ஒன்றை நானும் ஒரு நர்சரியில் நல்ல விலை கொடுத்து வாங்கினேன். மூன்று மாதத்தில் மேலே ஒட்டிய பகுதி காய்ந்தது. கீழே வேர்ச்செடியிலிருந்து ஏழு சிற்றிலை கொண்ட முரட்டுத் தண்டுகள் கிளம்பின. ஒட்டு விழுந்த முடிச்சுக்குக் கீழிருந்து எழும் எந்தத் தளிரையும் கத்தரியால் வெட்டாமல், மண்ணை விலக்கிப் பிறக்கும் இடத்திலேயே பிய்த்தெடுக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. முடிந்தவரை சொந்த வேரில் நிற்கும், அதாவது குச்சியிலிருந்து வளர்த்த, செடியையே வாங்குங்கள்.

வெயிலை அளந்த பிறகு தொட்டி

“வெயிலு எங்க விழுதுன்னு ஒரு வருஷம் பாரு தம்பி, அப்புறம் செடி வாங்கு” என்பார் அத்தை. அப்போது அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். ரோஜாவுக்கு நாளுக்கு ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். சீன வகைகள் நான்கைந்து மணி நேரத்திலும் சமாளித்துக்கொள்ளும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் ஊரில் சூரியன் மார்ச் கடைசியிலும் செப்டம்பரிலும் உச்சந்தலைக்கு நேர்மேலே செல்கிறது. இடைப்பட்ட மாதங்களில், ஜூனில் வடக்கே சாய்ந்தும் டிசம்பரில் தெற்கே சாய்ந்தும் செல்கிறது. ஆகவே வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை நல்ல வெயில் இருக்கும். அக்டோபருக்குப் பின் சுத்தமாக இராது. தெற்குப் பார்த்த வீட்டில் இது தலைகீழாக நடக்கும். கிழக்கோ மேற்கோ பார்த்த தாழ்வாரத்தில்தான் ஆண்டு முழுதும் அரைநாள் வெயில் ஒரே சீராகக் கிடைக்கும். இரண்டில் கிழக்கு மேலானது. காலை வெயில் இலையை உலர்த்திவிடும், மாலை வெயில் சுவரையும் சேர்த்துச் சூடேற்றும்.

அத்தையின் தாழ்வாரம் கிழக்குப் பார்த்தது. என்னுடையது வடக்கு. ஜூலையில் கொண்டுவந்து வைத்த டீ ரோஜா நவம்பருக்குள் நெட்டையாக, வெளிறிய தண்டோடு கைப்பிடிச்சுவரைத் தாண்டி வெளிச்சத்துக்கு நீண்டதும், உரம் போதவில்லை என்று மேலும் உரம் போட்டேன். இழந்த நான்கில் அது முதலாவது. இப்போது அக்டோபரில் எல்லாத் தொட்டிகளையும் சமையலறைப் பக்கத்துச் சன்னலுக்கு அருகே மாற்றிவிடுகிறேன். பங்குனி பிறந்ததும் திரும்பத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவருகிறேன்.

தாழ்வாரம் பொது இடம் என்பதையும் மறக்கக் கூடாது. தீ பாதுகாப்பு விதிப்படி, நடப்பதற்கு 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும். கைப்பிடிச்சுவரின் மேல் தொட்டி வைப்பது அறவே கூடாது. ரோஜாவுக்கு முள் இருப்பதால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் கண்ணுயரத்தில் நடைபாதைப் பக்கமாக நீளும் தண்டுகளை அவ்வப்போது கட்டிவிட வேண்டும். மேல்மாடியிலிருந்து சொட்டும் துணியின் சோப்பு நீரும், சீனர்கள் முன்னோருக்குக் காகிதம் எரிக்கும் ஏழாம் மாதத்தில் பறந்துவரும் சாம்பலும் இலையில் படிந்தால் அன்றே கழுவிவிடுங்கள். அதற்காகச் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

தொட்டி, மண், தண்ணீர்

முதிர்ந்த செடிக்கு 35 முதல் 40 சென்டிமீட்டர் அகலமும் அதே அளவு ஆழமும் உள்ள தொட்டி போதும். சிறிய செடியைப் பெரிய தொட்டியில் நடுவது அன்பு மிகுதியால் செய்யும் தவறு. வேர் எட்டாத மண்ணில் நீர் தேங்கி, அந்த மண் புளித்து, வேர் அழுகும். இரண்டாவது செடியை இப்படித்தான் இழந்தேன். இரண்டு விரற்கடை கூடுதலான தொட்டிக்கு மாற்றி, அது நிறைந்தபின் அடுத்ததற்கு மாற்ற வேண்டும்.

மண் கலவைக்கு அத்தை வைத்திருந்த கணக்கு எளிமையானது: நர்சரியில் மூட்டையாக விற்கும் சுட்ட மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, தென்னைநார்த்தூள் ஒரு பங்கு, பெர்லைட் என்னும் இலேசான வெள்ளைத் துகள் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நீர் ஊற்றினால் அரை நிமிடத்தில் அடித்துளை வழியே வெளியேற வேண்டும். மேலே குளமாக நின்றால் பெர்லைட்டைக் கூட்டுங்கள். ரோஜாவுக்குச் சற்றே புளிப்பான மண் பிடிக்கும்; கார அமிலக் குறியீடு 6 முதல் 6.5 வரை இருக்கலாம். முட்டை ஓட்டைப் பொடித்துப் பொடித்துப் போடுபவர்கள், இளம் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதைக் கண்டால், சுண்ணாம்பு மிகுந்து செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியவில்லை என்று ஐயப்படலாம். வாழைப்பழத் தோலை மண்ணில் புதைத்தால் ஈ மொய்ப்பதுதான் முதலில் தெரியும் பலன். கோப்பிக்கடையிலிருந்து வாங்கிவரும் கோப்பிச் சக்கையைத் தடிமனாகப் பரப்பினால், அது ஓடாக இறுகி நீரை உள்ளே விடாது.

தண்ணீர் விடும் நேரத்தை அத்தை கையால் சோதித்ததில்லை, காலால் சோதித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலின் பெருவிரலைத் தொட்டியின் விளிம்புக்குக் கீழே கொடுத்து லேசாகத் தள்ளுவார். தொட்டி அசைந்தால் காய்ந்திருக்கிறது, நீர் விடலாம். அசையாவிட்டால் அடுத்த தொட்டிக்குப் போய்விடுவார். பதினொன்றையும் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. நாள் தவறாமல் எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக ஊற்றும் என் வழக்கத்தைவிட இது எவ்வளவு துல்லியமானது என்பது, எடை வேறுபாடு கால்விரலுக்குப் பழகிய பிறகே புரிந்தது. உயர்மாடிகளில் காற்று அதிகம். வெயில் நாளில் காலை, மாலை என இருவேளையும் ஒரு தொட்டி நீர் கேட்கலாம், மழை நாளில் மூன்று நாள் கேட்காமலும் இருக்கலாம். மாலையில் ஊற்ற நேர்ந்தால் வேரடியில் மட்டும் ஊற்றுங்கள்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால், தேங்கும் நீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டித் துடைக்க வேண்டும். மேல்மண் இறுகினால் அதைக் கிளறிவிட வேண்டும். இறுகிய மண்ணின் மேல் நிற்கும் நீரிலும் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்று தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்லிவருவது தொட்டி வளர்ப்போரைக் கருதித்தான். அத்தை தட்டே வைக்காமல், இரண்டு செங்கல்லின் மேல் தொட்டியை ஏற்றியிருந்தார்.

உரத்தை வாரம் ஒருமுறை, பொட்டலத்தில் குறித்த அளவில் பாதியாகக் கரைத்து விடுவது, மாதம் ஒருமுறை மொத்தமாகக் கொட்டுவதைவிட நல்லது. காய்ந்த மண்ணில் ஒருபோதும் உரம் விடக் கூடாது.

கரும்புள்ளியும் செஞ்சிலந்தியும்

ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் ரோஜாவின் முதல் எதிரி கரும்புள்ளி நோய். ஓரம் சிதறிய கறுப்பு வட்டங்கள் கீழ் இலைகளில் தோன்றி, இலை மஞ்சளாகி உதிர்ந்து, செடி விளக்குமாறுபோல நிற்கும். இதை உண்டாக்கும் பூஞ்சையின் வித்து முளைத்து இலைக்குள் நுழைய, இலை ஏறக்குறைய ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். இந்த ஒரு செய்தியிலிருந்தே தடுப்பு முறை முழுவதையும் வகுத்துக்கொள்ளலாம். இலை நனைவதாக இருந்தால் காலையில் நனைந்து பத்து மணிக்குள் காய வேண்டும். தொட்டிக்குத் தொட்டி காற்று புகும் இடைவெளி வேண்டும். மழைச்சாரல் மண்ணில் பட்டு இலைக்குத் தெறிக்காதபடி மேல்மண்ணில் தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பரப்ப வேண்டும். புள்ளி விழுந்த இலையையும் உதிர்ந்த இலையையும் தொட்டியில் விடாமல் பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். டிசம்பர், ஜனவரி மாத அடைமழையில் இவ்வளவும் செய்தும் நோய் வரத்தான் செய்யும். சீன வகைகள் இலையை உதிர்த்துவிட்டுத் திரும்பத் தளிர்த்துக்கொள்ளும், பதற வேண்டாம்.

கூரை உள்ள தாழ்வாரத்தில் மழை படாததால் கரும்புள்ளி குறையும். ஆனால் அந்த மழை படாமையே செஞ்சிலந்தி என்னும் மிக நுண்ணிய உண்ணியை அழைத்துவரும். சூடான, காய்ந்த, தூசி படிந்த இலையின் அடிப்பக்கம் அதற்குப் பிடித்த இடம். இலையின் பளபளப்பு போய், ஊசியால் குத்தியதுபோல வெளிர்ப் புள்ளிகள் தெரிந்தால், வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டிப் பாருங்கள். விழுந்த தூசு நடந்தால் அது தூசன்று. நான் மூன்றாவது செடியை இழந்தபோது, வெளிறிய இலையைக் கண்டு தண்ணீர் போதவில்லை என்று நினைத்து வேரில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஊற்ற வேண்டிய இடம் இலையின் அடிப்புறம். காலையில் கைத்தெளிப்பானை நன்கு அழுத்தி, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இலையின் பின்பக்கத்தையும் கழுவ வேண்டும். நம் சூட்டில் அது ஒரு வாரத்துக்குள் முட்டையிலிருந்து முதிர்ந்துவிடுவதால், மூன்று நாளைக்கு ஒருமுறையாவது இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ஒருமுறை கழுவிவிட்டு வெற்றி பெற்றதாக நினைத்தால், பத்தாம் நாள் நூலாம்படை கட்டியிருக்கும்.

அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும், அது கரைய அரைத் தேக்கரண்டி பாத்திரச் சோப்பும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் எண்ணெய் இலையைப் பொசுக்கும். மாவுப்பூச்சிக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் தேய்ப்புச் சாராயத்தை (ரப்பிங் ஆல்கஹால்)ப் பஞ்சில் தோய்த்து ஒற்றினால் போதும். இதழின் ஓரம் பழுப்பேறி மொட்டு விரியாமல் நின்றால் இலைப்பேன் என்று கொள்ளலாம். அந்த மொட்டுகளைக் கிள்ளிப் பையில் கட்டிவிடுவதே வழி. எதைத் தெளித்தாலும், அந்தச் செடியின் பூவைக் குல்கந்துக்கும் சாமிக்கும் எடுக்கக் கூடாது என்பதில் அத்தை பிடிவாதமாக இருந்தார். மருந்தடித்த தொட்டியில் சிவப்பு நூலைக் கட்டிவைப்பார்.

கத்தரி எடுக்கும் நாள்

குளிர்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து, முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக வெட்டிவிட்டுத்தான் என் நான்காவது செடியை இழந்தேன். குளிர்காலம் முழுதும் உறங்கி வேரில் மாவுச்சத்தைச் சேமித்த ஹைப்ரிட் டீ ரோஜாவுக்குச் சொன்ன முறை அது. ஒருபோதும் உறங்காத சீன, டீ வகைகள் தங்கள் சேமிப்பைத் தண்டிலும் இலையிலும் வைத்திருப்பவை. அவற்றில் ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்நோக்கி வளரும் மெல்லிய தண்டு ஆகியவற்றை எடுத்துவிட்டாலே கவாத்தின் பெரும்பகுதி முடிந்துவிடும். வாடிய பூவை, அதற்குக் கீழே வரும் முதல் ஐந்து சிற்றிலைக் கொத்துக்குச் சற்று மேலே, வெளிநோக்கிய கணுவைப் பார்த்து நறுக்குவது அன்றாட வேலை.

பண்டிகைக்குப் பூ வேண்டுமானால் நாள் கணக்குப் பார்த்து வெட்ட வேண்டும். வெட்டிய தண்டில் கணு விழித்து, தளிர் நீண்டு, மொட்டு வைத்து மலர ஆறு முதல் ஏழு வாரம் ஆகும். அத்தையின் நாட்காட்டித் தாள்களில் ஆண்டுதோறும் ஒரே குறிப்பு திரும்ப வருகிறது: “பிள்ளையார் சதுர்த்தி கழிச்சு எட்டாம் நாள் கத்தரி.” முதலில் இதை ஏதோ நம்பிக்கை என்று நினைத்தேன். பிறகு எண்ணிப் பார்த்தால், வளர்பிறைச் சதுர்த்திக்கும் தீபாவளிக்கும் இடையே, கூடுதல் சந்திர மாதம் குறுக்கிடும் அபூர்வ ஆண்டுகளைத் தவிர, ஏறக்குறைய 54 நாள்தான் வருகிறது. அதில் எட்டைக் கழித்தால் 46. ஆறரை வாரம். தீபாவளி ஆங்கில நாட்காட்டியில் எங்கே நகர்ந்தாலும் அவருடைய கணக்கு பெரும்பாலும் பிசகாததற்குக் காரணம், அவர் பிறையைப் பார்த்து எண்ணியதுதான். வெட்டிய மூன்றாம் நாள் முதல் உரத்தைத் தொடங்கி, மொட்டில் நிறம் தெரிந்ததும் நிறுத்திவிடுவார். பூவைப் பறிப்பது விடியலில், பாதி விரிந்த நிலையில். முழுதும் விரிந்தது தொடுக்கும்போது கொட்டிவிடும்.

குச்சி நடுதல்

பழமை ரோஜா இத்தனை தலைமுறை தப்பிப் பிழைத்தது கைமாறிய குச்சிகளால்தான். சீன வகைகள் எளிதில் வேர்விடும். பூ உதிர்ந்த பத்து நாளுக்குள் உள்ள, பென்சில் அளவு தடித்த தண்டைத் தேர்ந்தெடுங்கள். பெருவிரலால் பக்கவாட்டில் தள்ளினால் முள் ‘டக்’ என்று சுத்தமாக ஒடிந்து விழ வேண்டும். வளைந்து தோலோடு உரிந்தால் தண்டு இன்னும் பச்சை. நான்கு கணு இருக்கும்படி 15 சென்டிமீட்டருக்கு வெட்டி, அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக நறுக்கி, உச்சியில் இரண்டு இலை மட்டும் விட்டு, மற்றவற்றை நீக்குங்கள். ஆற்றுமணலும் தென்னைநார்த்தூளும் சம பங்காகக் கலந்து ஒரு குவளையில் நிரப்பி, ஒரு குச்சியால் முதலில் துளையிட்டு, இரண்டு கணு புதையும்படி நட்டு, சுற்றிலும் விரலால் அழுத்திவிடுங்கள். அடி அறுத்த குடிநீர்ப் புட்டியை மேலே கவிழ்த்து, மூடியை மட்டும் திறந்துவைத்து, வெளிச்சம் இருந்தும் நேர்வெயில் படாத இடத்தில் விடுங்கள். மூன்று முதல் ஆறு வாரத்தில் வேர் வரும். தளிரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். வேரில்லாமலும் தண்டின் சேமிப்பில் தளிர் வரும். இழுத்துப் பார்க்கவும் கூடாது, அது முளைத்த வேரை அறுத்துவிடும். குவளையின் அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும்வரை பொறுத்திருங்கள். அதற்காகவே அத்தை ஒளி ஊடுருவும் நெகிழிக் குவளைகளைச் சேர்த்துவைத்திருந்தார்.

குச்சியோடு பெயரும் கைமாற வேண்டும். பெயர் தெரியாத செடிக்கு, படத்தைப் பார்த்து ஏதோ ஒரு பிரெஞ்சுப் பெயரைச் சூட்டிவிடுவது பிற்காலத்தில் பெரிய குழப்பத்தை உண்டாக்கும். உலகெங்கும் பழமை ரோஜா சேகரிப்போர், அடையாளம் தெரியும்வரை செடிக்குக் கண்டெடுத்த இடத்தின் பெயரையோ வளர்த்த வீட்டின் பெயரையோ இட்டு அழைப்பார்கள். பெர்முடா தீவில் இப்படிப் பெயர் பெற்ற ‘ஸ்மித்ஸ் பாரிஷ்’ அந்தப் பெயரிலேயே இன்று பல நாடுகளில் வளர்கிறது. பெயர்ப்பலகைக்கு மை பேனா ஆகாது, நம் வெயிலில் ஆறு மாதத்தில் மங்கிவிடும். மென்பென்சில் பல ஆண்டு நிற்கும்.

மலாய் மாது கொடுத்த அந்த முதல் ரோஜா என் ஏழு தொட்டிகளில் இன்னும் இருக்கிறது. வெயில் பட்ட இதழ் வெளிறாமல் நாளுக்கு நாள் நிறம் கூடுவதால், சீன வகையைச் சேர்ந்தது என்று மட்டும் நிதானிக்கலாம். அதன் பலகையில் அத்தையின் கையெழுத்தில் “பக்கத்து வீடு, 1971” என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. அதிலிருந்து வெட்டி வைத்த மூன்று குவளைகளில் இரண்டில் இந்த வாரம் வேர் தெரிகிறது. இன்னும் பத்து நாள் புட்டியைச் சிறிது சிறிதாகத் தூக்கிவைத்துப் பழக்கியபின், 12 சென்டிமீட்டர் தொட்டிக்கு மாற்ற வேண்டும். பலகையில் அதே பெயரையே எழுதிக் கொடுப்பேன்.